தார்ப்பாய்க் கோட்டு

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. சோறு தின்னும்போதுகூட ஒரு காலை மடக்கி மறுகாலைக் குத்துக்காலிட்டுத்தான் உட்காருவேன். தட்டு காலியானதும் எழுந்துவிட வேண்டும். அப்படிப்பட்டவனை வாரக்கணக்கில் வீட்டுக்குள் முடக்கிப் போட்டார்கள், இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த அந்த வருஷங்களில்.

கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் சாலையின் குறுக்கே புளியமரம் கிடந்தது. பஸ் இல்லை. கடை இல்லை. பெட்ரோல் பங்கில் கயிறு கட்டிவிட்டார்கள். மரத்தை வெட்டிப் போட்டது எங்கள் ஆட்கள்தான். அதை அப்புறப்படுத்த வந்த போலீஸ், வேலை முடிந்ததும் ஊருக்குள் நுழைந்து கண்ணில் பட்டவனை எல்லாம் அடித்தது. இருட்டினால் ஆண்பிள்ளைகள் கரும்புக் கொல்லைக்குள் போய்ப் படுத்தார்கள்.

ஒதுக்கீடு கேட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவன் ஒருத்தன்கூட இல்லை. நானே பத்தாவதோடு ஸ்பேனரைப் பிடித்தவன். கேட்க வேண்டியதுதான். ஆனால் அன்றாடம் கூலிக்குப் போனால்தான் உலை வைக்க முடியும் என்று இருந்தவர்கள் அந்த வாரங்களில் என்ன தின்றார்கள் என்று யாரும் போய்க் கேட்கவில்லை. அவர்களைக் கேட்டு யாரும் மரம் வெட்டவும் இல்லை. இதைச் சொன்னதற்கு என்னைத் துரோகி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

என் தொழில் ஆயில் இன்ஜின் ரிப்பேர். கல்வராயன் மலைமேல் அப்போது நிறைய ஊர்களுக்குக் கரண்டு கிடையாது. மாவு மில், நெல் மில் எல்லாம் டீசல் இன்ஜினில் ஓடியது. இன்ஜின் நின்றால் கீழே ஆள் அனுப்புவார்கள். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏறுவேன். ஒரு ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் சேதி அடுத்த ஊருக்குப் போயிருக்கும். அங்கேயும் ஒன்று நின்றிருக்கும். இப்படியே கச்சிராயபாளையத்தில் ஏறி, வெள்ளிமலை, கருமந்துறை என்று சுற்றி, மறுபக்கம் தும்பலில் இறங்கி வருவேன். ரோடு என்று பெயருக்குச் சில இடம். மற்றதெல்லாம் ஜீப் போன தடம், மாடு போன தடம், மழைத்தண்ணீர் போன தடம். "சும்மா சுத்திட்டு வர்றான்" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. இன்ஜின் எதுவும் நிற்காத மாசத்திலும் போயிருக்கிறேன்.

போவதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். மலையை ஒரே மூச்சில் தாண்டக் கூடாது. வழியைத் துண்டு போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டும் முடிகிற இடத்தில் தண்ணீர் இருக்க வேண்டும், தெரிந்த முகம் இருக்க வேண்டும், போன நடையில் நான் வைத்துவிட்டு வந்த பெட்ரோல் கேன் இருக்க வேண்டும். அங்கே வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஆறும்வரை செயினைப் பார்த்து, ஸ்போக் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, ஆட்டம் கண்ட நட்டுகளை முறுக்கி, அப்புறம்தான் அடுத்த துண்டு. உட்காரத் தெரியாத எனக்கு இந்த ஒன்றில் மட்டும் பொறுமை இருந்தது. பொறுமை இல்லாத ஒருத்தன் என்னோடு ஒருமுறை வந்தான். கருமந்துறையிலிருந்து அவன் வண்டியை மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினோம்.

அடுத்தது கோட்டு. முதல் வருஷம் வெறும் சட்டையோடு போனேன். முள் நிறைந்த உண்ணிச்செடி இரண்டு பக்கமும் வளர்ந்து தடத்தை மூடியிருக்கும். நடைக்கு ஒரு சட்டை கிழிந்தது. விழுந்தால் முழங்கை போனது. கடையில் மழைக்கோட்டு ஒன்று வாங்கினேன். முதல் முள்ளிலேயே தோள் தொடங்கி இடுப்புவரை கிழிந்தது. கொண்டுபோய்க் கடைக்காரன் மேஜையில் போட்டேன். "இது மழைக்குங்க. முள்ளுக்கு இல்ல" என்றான். அவன் நின்ற இடத்தில் வேறு யாராவது நின்றிருந்தால் அடித்திருப்பேன். அவன் கொஞ்சம் வயசானவன்.

நேராக லாரி ஸ்டாண்டுக்குப் போய், லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவரிடம் கோட்டு தைக்கச் சொன்னேன்.

"இன்னா தம்பி, ஒன்ன மூடறதுக்கா, வண்டிய மூடறதுக்கா?"

"என்னத்தான்."

"செத்தா மூடறதுக்கு இவ்ளோ கெட்டித் துணி யாரும் கேட்டதில்ல."

வம்பு பேசினாலும் தைத்துக் கொடுத்தார். தோளிலும் முழங்கையிலும் காக்கித் துணியை இரண்டாக மடித்து, மேலே டயர் டியூபை வெட்டி ஒட்டு வைத்தார். பொத்தான் வேண்டாம், தெறித்துவிடும் என்றேன். தார்ப்பாய் ஓரத்தில் அடிக்கிற பித்தளை வளையங்களை அடித்து, நாடா கோத்துக் கட்டும்படி செய்தார். உள்ளே நெஞ்சுப் பக்கம் ஒரு பை. நனையாமலிருக்க அதற்கு உர மூட்டையின் பிளாஸ்டிக் உறை. கழற்றிக் கீழே வைத்தால் அந்தக் கோட்டு ஆள் மாதிரி தானாக நின்றது. வெயிலில் போட்டால் உள்ளே அவிந்துவிடும். ஆனால் கிழியவில்லை. அதே துணியில் பேண்ட் ஒன்றும் தைத்துக்கொண்டேன். காலுக்குச் சந்தையில் வாங்கிய பழைய பட்டாளத்து பூட்ஸ். நாற்றம் தாங்காமல் அம்மா அந்தக் கோட்டை வீட்டுக்குள் விடவில்லை. மாட்டுக் கொட்டகையில்தான் தொங்கும்.

இனி என் தங்கச்சி. அவள் சேலத்தில் பெரியம்மா வீட்டில் தங்கி டீச்சர் ட்ரெயினிங் படித்தாள். அங்கேயே எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்தாள். பதிந்து வருஷங்கள் ஓடிவிட்டன. கடைசியில் கார்டு வந்தது, மரங்கள் விழுந்து கிடந்த அதே வாரத்தில். மறுநாளுக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு சேலத்தில் இன்டர்வியூ. நேர் வழி சின்னசேலம், ஆத்தூர். ஆத்தூர் தாண்டும்வரை வழி முழுக்க மரம்.

அம்மாவுக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். தும்பலில் உரக்கடை வைத்திருக்கிற ஒரு குடும்பம் தங்கச்சியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தது. வேலை கிடைக்கிறதா பார்க்கலாம் என்று தங்கச்சி சொல்லிச் சொல்லி இழுத்துக்கொண்டிருந்தாள். இந்தக் கார்டு போனால் இழுப்பதற்கு ஒன்றும் இல்லை. தை பிறந்தால் கல்யாணம்.

"பஸ்ஸே இல்லாதப்ப இன்னா பண்ண முடியும்" என்றார் அம்மா. "வுடு. அவங்க காத்துக்கினு இருக்காங்க. சொந்தக் கடை. இன்னா கொற?"

"உரக்கடையில நான் இன்னா மூட்ட தூக்கவா?"

"தூக்கச் சொன்னா தூக்கு. புருஷன் வூட்டு மூட்டதான?"

தங்கச்சி நேராக, கொட்டகையில் வண்டிக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்த என்னிடம் வந்தாள்.

"ண்ணா, மலை வழியா சேலம் போவ முடியுமா?"

"வண்டி போவும். நீ போவியா?"

"வண்டி போனா நான் போவ மாட்டனா."

அவளுக்கு ஒரு நிபந்தனை போட்டேன். மலைத்தடத்தில் பெண்கள் உட்காருகிற மாதிரி ஒரு பக்கமாகக் காலைப் போட்டு உட்காரக் கூடாது. எடை ஒரு பக்கம் சாயும், கல்லில் ஏறும்போது வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். சேலைக்குள் என் பேண்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு ஆம்பளை மாதிரி உட்கார வேண்டும். அவளும் ஒரு நிபந்தனை போட்டாள். ஆள் இருக்கிற இடத்தில் ஒரு பக்கமாகத்தான் உட்காருவேன் என்றாள். தெருவில் அப்படி உட்கார்ந்து போனால் அம்மா கிணற்றில் குதித்துவிடுமாம். சரி என்று தொலைத்தேன். கோட்டை அவளுக்குக் கொடுத்தேன். உள்பையில் அவளுடைய சர்டிபிகேட்டுகள் போயின. நான் சட்டையோடு கிளம்பினேன்.

கச்சிராயபாளையம் போகிற வழியிலேயே முதல் மரம். அதன்மேல் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தவர் எங்கள் அப்பாவின் பங்காளி, எங்களுக்குச் சித்தப்பா முறை. சுற்றிலும் தெரிந்த முகங்கள்தான்.

"எங்கடா கௌம்பிட்ட?"

"சேலம். பாப்பாவுக்கு வாத்தியார் வேலைக்கு இன்டர்வியூ."

"சேலம் எப்ப மலைமேல ஏறுச்சி?"

"நீங்க கீழ வழி வுட்டா கீழயே போறோம்."

சித்தப்பா என்னை விட்டுவிட்டு அவளிடம் திரும்பினார். "பாப்பா, உங்களுக்கோசரம்தான் இப்படி வெயில்ல குந்திக்கினு இருக்கோம். நாளைக்கி நீங்கள்லாம் நல்ல வேலைக்குப் போவணும்னுதான்."

"நாளைக்கிதான் சித்தப்பா இன்டர்வியூ. மரத்த ரெண்டு நாள் கழிச்சி வெட்டியிருக்கலாமில்ல?"

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "வாத்தியாருக்கு ஏத்த வாயிதான்" என்றான் ஒருவன்.

சித்தப்பா சிரிக்கவில்லை. வண்டி எதையும் விடக் கூடாது என்று முடிவு எடுத்திருக்கிறார்கள். சொந்தக்காரப் பெண் என்று விட்டால் நாளைக்கு எல்லாரும் சொந்தம் கொண்டாடுவார்கள். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. வண்டியைத் திருப்பி அந்த மரத்தின்மேலேயே ஏற்றிவிடலாமா என்று பார்த்தேன். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"இன்ஜினை நிறுத்து. எறங்கித் தள்ளிக்கினு போ. தள்ளிக்கினு போனா அது வண்டி இல்ல, சாமான். சாமான தடுக்கணும்னு முடிவு எடுக்கல."

வயல் வரப்பில் நான் முன்னால் பிடிக்க, மரத்தின்மேல் இருந்தவர்களிலேயே இரண்டு பேர் இறங்கி வந்து பின்னால் தள்ளினார்கள். சித்தப்பா மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்துக்கு அப்பால் ஸ்டார்ட் செய்தபோது அந்தச் சத்தம் அவர் காதில் விழவில்லை.

மலை ஏறத் தொடங்கியதும் தங்கச்சி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். கோட்டு வளையங்கள் என் முதுகில் மோதிக்கொண்டிருந்தன. ஆனால் ஏதாவது குடிசை தெரிந்தால் போதும், தோளைத் தட்டுவாள். நிறுத்த வேண்டும். இறங்கி, சேலையைச் சரிசெய்து, ஒரு பக்கமாக உட்காருவாள். அந்த இரண்டு குடிசையைத் தாண்டியதும் மறுபடி நிறுத்த வேண்டும். அங்கே அவளை யாருக்குத் தெரியும்? ஆடு மேய்க்கிற கிழவனுக்கு இவள் எந்த ஊர், யார் மகள் என்று என்ன கவலை? திட்டிக்கொண்டே ஓட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே இறங்கி ஏறினாள்.

அன்றைய துண்டு வெள்ளிமலை தாண்டி ஒரு மில்லில் முடிந்தது. மில்லுக்காரம்மா எனக்குப் பல வருஷப் பழக்கம். அவர் இன்ஜினைத் தொட்டுத்தான் நான் தொழிலே கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம், அத்தனை தடவை நின்றிருக்கிறது.

"மெக்கானிக்கு, இது யாரு, பொஞ்சாதியா?"

"தங்கச்சிங்க."

"தங்கச்சிய ஏன் சாக்கு மூட்டயாட்டம் கட்டி இட்டாந்திருக்க?"

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். வாத்தியார் வேலைக்குப் போகிற பெண் என்று தெரிந்ததும் அவருக்கு வேறு பேச்சே இல்லை. கருமந்துறைக்கு அப்பால் அவர் அண்ணன் இருக்கிற ஊரில் பள்ளிக்கூடம் கட்டி வைத்திருக்கிறார்களாம். வாத்தியார் எப்போதாவது வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாராம். மற்ற நாளில் அதற்குள் ஆடு கட்டுகிறார்களாம். "வாத்தியார் வர்றாருன்னு தெரிஞ்சா மொதல்ல ஆட்ட வெளிய ஓட்டணும்" என்று சிரித்தார். தங்கச்சி சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ளைங்க இன்னா பண்ணுது?" என்று கேட்டாள். "ஆட்ட ஓட்டிக்கினு போவுது" என்றார் அவர்.

விடியும்போதே கிளம்பினோம். கணக்குப்படி கருமந்துறையில் ஒரு நிறுத்தம், தும்பலில் ஒரு நிறுத்தம், அப்புறம் சேலம். நேரம் இருந்தது.

கருமந்துறைக்குப் பாதி வழியில் ஒரு ஓடை. அதைத் தாண்டி உருட்டுக் கல்லாக ஒரு ஏற்றம். ஓடைக்கரையில் விறகு சுமந்துகொண்டு நான்கைந்து பெண்கள் வந்தார்கள். தங்கச்சி தோளைத் தட்டினாள். நான் நிறுத்தவில்லை. மறுபடி தட்டினாள். நிறுத்தினேன். ஒரு பக்கமாக உட்கார்ந்தாள். "ஏத்தம் முடிஞ்சதும் மாத்திக்கறேன்" என்றாள். ஏற்றம் முடியவில்லை. முன்சக்கரம் கல்லில் ஏறிய நிமிஷம் வண்டி அவள் கால் தொங்கிய இடது பக்கமே சாய்ந்தது. இரண்டு பேரும் வண்டியோடு விழுந்தோம்.

விறகுக்காரப் பெண்கள் சுமையைப் போட்டுவிட்டு ஓடி வந்து தூக்கினார்கள். என் முழங்கை உரிந்து ரத்தம் வந்தது. தங்கச்சி கோட்டின் கையைத் திருப்பிப் பார்த்தாள். முழங்கை ஒட்டில் டியூப் ரப்பர் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். உள்ளே ஒரு கீறல் இல்லை. சேலைதான் முட்டியிலிருந்து கீழே நாராகக் கிழிந்து போயிருந்தது.

வண்டியைப் பார்த்தேன். கிளட்ச் லீவர் அதைப் பிடித்திருக்கிற இரும்போடு சேர்ந்து ஒடிந்திருந்தது. கேபிள் ஸ்பேர் வைத்திருந்தேன். லீவர் யார் வைத்திருப்பார்கள்? கம்பியைக் கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஒரு கை அதற்குப் போனால் அந்தக் கல்லில் வண்டியைப் பிடிக்க முடியாது. நான் திட்டிய திட்டில் விறகுக்காரப் பெண்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். தங்கச்சி நான் முடிக்கும்வரை நின்றாள்.

"இப்ப இன்னா பண்ணலாம், அத சொல்லு."

கிளட்ச் இல்லாமலும் வண்டி ஓட்டலாம். ஓடுகிற வேகத்தில் ஆக்சிலேட்டரைக் குறைத்துக் காலால் தட்டினால் கியர் விழும். கிளம்புவதுதான் பாடு. யாராவது பின்னாலிருந்து தள்ள வேண்டும். உருளும்போது முதல் கியரைப் போட்டால் வண்டி ஒரு குதி குதித்து ஓடும். நிறுத்தினால் மறுபடி அதே கதை. அதனால் நிறுத்தவே கூடாது.

"நீ தள்ளு" என்றேன். "வண்டி குதிச்சி ஓடும். நீ ஓடியாந்து ஏறிக்கணும்."

"ஓடற வண்டியில எப்டி ஏறது?"

"காலைத் தூக்கிப் போட்டுத்தான்."

பெண்களும் சேர்ந்து தள்ளி ஏற்றத்தின் உச்சிவரை கொண்டு வந்தார்கள். அங்கிருந்து இறக்கம். முதல் தடவை வண்டி குதித்து ஓடியது, அவள் இல்லாமல். திரும்பி வந்து மறுபடி தள்ள வேண்டியிருந்தது. இரண்டாம் தடவைக்கு முன்னால் கிழிந்த சேலையைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். பேண்டும் கோட்டுமாக ஓடி வந்து, என் சட்டைக் காலரைப் பிடித்து, காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தாள். சட்டை முதுகில் கிழிந்தது. பின்னால் அந்தப் பெண்கள் சிரித்துக் கை தட்டுகிற சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் துண்டு என்று எதுவும் இல்லை. ஆயுசுக்கும் ஒரே மூச்சில் மலையைத் தாண்டக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவன் ஒரே மூச்சில் ஓட்டினேன். செயின் தளர்ந்து கடகடவென்று அடித்தது. எங்கோ ஒரு நட்டு ஆடியது. எது என்று பார்க்க முடியாது. பற்களைக் கடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு போனேன். கருமந்துறையில் என் பெட்ரோல் கேனை வைத்திருந்த டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் கேனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நிற்காமல் போனோம். கேனோடு கொஞ்ச தூரம் ஓடி வந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டார். ஊர் முழுக்கப் பார்த்தது. தங்கச்சி என் தோளைத் தட்டவில்லை.

மலை இறக்கத்தில் பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று ஆக்சிலேட்டரை முழுதாக மூடி உருட்டிக்கொண்டே இறங்கினேன். அடிவாரத்தில் பெட்ரோல் குழாயை ரிசர்வுக்குத் திருப்பினேன். தும்பல் வந்தது. கடைத்தெரு நடுவில் உரக்கடை.

"ண்ணா, உரக்கட."

"தெரியுது. நிறுத்த முடியாது."

"நிறுத்துன்னு நான் சொன்னனா?"

"முந்தானய மூஞ்சில போட்டுக்கோ."

"கோட்டு மேல முந்தான எங்க இருக்குது?"

மாப்பிள்ளை கடை வாசலில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தான். அவன் அப்பா நாற்காலியில் இருந்தார். இரண்டு பேரும் தலையைத் தூக்கினார்கள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அவள் அவர்களைப் பார்த்ததாகவும், அவர்கள் வாய் மூடவில்லை என்றும் பிறகு சொன்னாள்.

வாழப்பாடியில் போலீஸ் நின்றது. ஒருவர் கையை நீட்டினார். வேகத்தைக் குறைத்தேன், நிறுத்தவில்லை. பின்னாலிருந்து அவள், "கிளட்ச் ஒடைஞ்சிடுச்சிங்க, நின்னா கௌம்பாதுங்க, இன்டர்வியூக்குப் போறேங்க" என்று ஒரே மூச்சில் கத்தினாள். அவருக்கு என்ன புரிந்ததோ, அந்தக் காக்கித் தார்ப்பாயைப் பார்த்து என்ன நினைத்தாரோ, நீட்டிய கையை இறக்கிவிட்டார்.

சேலத்தில் அந்த ஆபீஸ் வாசலை நெருங்கும்போது நியூட்ரலில் போட்டேன். வண்டி உருண்டு கேட்டுக்கு முன்னால் நின்றது. பெட்ரோலா, அதிர்ஷ்டமா, எது மிச்சம் இருந்தது என்று தெரியவில்லை. அவள் குதித்து இறங்கி ஓடினாள். வாட்ச்மேன், "ஏம்மா, இந்தக் கோலத்துல உள்ள போக முடியாது" என்றார். "கோட்ட அவுத்தா இதவிட மோசமா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் வெளியே நடந்துகொண்டிருந்தேன். கேட்டிலிருந்து மூலை, மூலையிலிருந்து கேட். வந்தவர்கள் குறைவு, வராந்தா பெஞ்சுகள் பாதி காலி. எந்தப் பக்கம் மரம் விழுந்ததோ அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தான் வரவில்லை. அதாவது எங்கள் பிள்ளைகள். மரத்தின்மேல் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தவர்களை அங்கே கொண்டுவந்து அந்தக் காலி பெஞ்சுகளில் உட்கார வைக்க வேண்டும் போல இருந்தது.

வெளியே வந்தபோது அவள் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அதிகாரி, பஸ் இல்லாமல் எப்படி வந்தாய் என்று கேட்டாராம். மலையைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்தேன் என்றாளாம். நம்பவில்லை. கோட்டின் முழங்கையைக் காட்டினாளாம். சர்டிபிகேட் ஒன்றுகூடக் கசங்காமல் வந்ததைப் பார்த்த பிறகு, மலைப் பள்ளிக்கூடங்களுக்குப் போட்டால் ஒருத்தரும் போவதில்லை, லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துகொள்கிறார்கள், நீ போவாயா என்றாராம்.

"நீ இன்னா சொன்ன?"

"அவரு முடிக்கறதுக்கு முன்னாடியே போறேன்னுட்டேன்."

நான் கத்திவிட்டேன். "அறிவு இருக்குதா ஒனக்கு? கீழ ஒரு ஸ்கூல் கேக்க வேண்டியதுதான? அந்த மலையில குடிக்கத் தண்ணிக்கே ஓடைக்குப் போவணும்."

"நீ மட்டும் மாசாமாசம் ஏன் போற?"

"நான் இன்ஜின் பாக்கப் போறேன்."

"நானும் ஆட்ட வெளிய ஓட்டத்தான் போறேன். வா, மொதல்ல லீவர் போடு. பசிக்குது."

திரும்பி வந்து கொஞ்ச நாளில் மரங்களை எடுத்துவிட்டார்கள். தும்பலிலிருந்து ஆள் வந்தது. பொண்ணு பேண்ட் போட்டுக்கினு, ரெண்டு பக்கமும் கால் போட்டுக்கினு, கடைத்தெருவுல நிக்காம போச்சாம், எங்களுக்கு ஒத்து வராது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா அழுதார். "சரியாத்தான் பாத்திருக்காங்க" என்றாள் தங்கச்சி.

ஆர்டர் வந்த அன்று சித்தப்பா வீட்டுக்கு வந்தார். போலீஸ் அடித்ததில் அவர் கை இன்னும் கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும், அவரிடம் கேட்க வைத்திருந்ததையெல்லாம் நான் விழுங்கிவிட்டேன்.

"பாத்தியா பாப்பா, போராட்டம் பலிச்சிதா இல்லியா?"

"பலிச்சிது சித்தப்பா. மரம் இல்லன்னா நான் பஸ்ஸுல போயிருப்பேன். கீழயே எங்கியாவது போட்டிருப்பாங்க."

அது நன்றியா, குத்தலா என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கும் இன்றுவரை புரியவில்லை.

அவளுக்குப் போட்டது மில்லுக்காரம்மா சொன்ன அதே ஊர் இல்லை, அதற்கு அடுத்த ஊர். அங்கேயும் பள்ளிக்கூடத்தில் ஆடுதான் இருந்தது. நான்தான் கொண்டுபோய் விட்டேன். தெருவிலிருந்தே இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். அம்மா கிணற்றுப் பக்கம்கூடப் போகவில்லை. ஊர் வந்து இறங்கியதும் கோட்டைக் கழற்றித் தருவாள் என்று நின்றேன். நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆட்டை ஓட்ட உள்ளே போனாள்.

மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. லாரி ஸ்டாண்டுக்குப் போய் இன்னொரு கோட்டு வேண்டும் என்றேன்.

"பழசு அதுக்குள்ள கிழிஞ்சிடுச்சா?" தார்ப்பாய்க்காரருக்கு முகம் மாறிவிட்டது.

"கிழியல. டீச்சர் போட்டுக்கினு இருக்காங்க."

ரெண்டு நாள் ஆகும், குந்து, அளவு எடுக்கிறேன் என்றார். நின்றபடியே அளவைக் கொடுத்தேன். ஒரு மில்லிலிருந்து ஆள் வந்து காத்திருந்தான். ரெண்டு நாள் இருக்க முடியவில்லை. சட்டையோடு கிளம்பிவிட்டேன்.